பழைய டீசல் காரில் மைலேஜ் தேடுவோர் செய்யும் தவறுகள்

என்னுடைய கார் 2011 மாடல், 1.3 லிட்டர் டீசல். பல ஆண்டுகள் லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கொடுத்தது, ஒரே ஆண்டில் 15க்கு இறங்கிவிட்டது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் 14 லிட்டர் டீசல். பதறிப்போய் டீசலில் கலக்கும் பாட்டில் மருந்து வாங்கி ஊற்றினேன், விலை கூடிய ஆயிலுக்கு மாறினேன், டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொன்னேன். ஒன்றும் பலிக்கவில்லை. பழைய காருக்கு மைலேஜை வெளியிலிருந்து வாங்கிச் சேர்க்க முடியாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இருந்த மைலேஜ் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று கண்டுபிடித்து அடைத்தால் போதும்.

முதல் தவறு கணக்கிலேயே தொடங்குகிறது. ரிசர்வ் விளக்கு எரிந்ததும் 500 ரூபாய்க்கு டீசல் போட்டு, விளக்கு மறுபடி எரியும் வரை ஓடிய தூரத்தை வகுத்துப் பார்ப்பவர்கள் ஏராளம். டேங்குக்குள் இருக்கும் மிதவை மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும், வளைவில் சாயும். அந்த விளக்கை நம்பிப் போடும் கணக்கில் லிட்டருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் பிசகுவது மிகச் சாதாரணம். டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். பம்ப் தானாக நின்றதும் அதோடு நிறுத்திவிட்டு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 400 கிலோமீட்டராவது ஓட்டிய பிறகு அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், அதேபோல நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். மூன்று டேங்க் இப்படிப் பார்த்து சராசரி எடுத்த பிறகுதான் மெக்கானிக்கிடம் போக வேண்டும். டயரை அளவு கூட்டி மாற்றியிருந்தால் மீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

என் காரில் ஓட்டை எங்கே இருந்தது என்று ஓர் இரவு திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில் தெரிந்தது. ஊருக்குள் ஓடும்போது நடுவில் நின்ற வெப்பமானி முள், நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல இறங்கி, கால் பங்குக்கும் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. டோல்கேட் வரிசையில் நின்றதும் மறுபடி ஏறியது. மறுநாள் பானெட்டைத் திறந்து பார்த்தபோது, இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய கூட்டுக்குள் எதுவுமே இல்லை. முந்தைய ஆண்டு ரேடியேட்டர் ஒழுகலைச் சரிசெய்த பட்டறையில் அதைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு, இன்ஜின் குளிர்ச்சியாக ஓடினால் நல்லதுதானே” என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள்.

அது நல்லதல்ல. டீசல் இன்ஜின் சூட்டில்தான் ஒழுங்காக எரியும். இன்ஜின் ஆறியிருக்கும் வரை தெர்மோஸ்டாட் மூடிக்கிடந்து, தண்ணீரை இன்ஜினுக்குள்ளேயே சுற்ற விடுகிறது. சூடு 80 முதல் 90 டிகிரியை எட்டும்போது திறந்து, ரேடியேட்டருக்கு வழிவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகவே போகும். நெடுஞ்சாலைக் காற்றில் இன்ஜின் உரிய சூட்டை எட்டவே எட்டாது. ஆயில் தடித்தே கிடக்கும், டீசல் முழுமையாக எரியாது, கரி படியும். காரின் கணினியோ இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நம்பிக்கொண்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொடுப்பதுபோலக் கூடுதலாக டீசல் கொடுக்கும். புதிய தெர்மோஸ்டாட் போட்டு, கூலண்ட் மாற்றினேன். மூன்றாவது டேங்கில் 18ஐத் தொட்டது. பழுதாகித் திறந்தபடியே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட்டும் இதே வேலையைச் செய்யும். அதனால் வெப்பமானி முள் எங்கே நிற்கிறது என்று ஒரு நீண்ட பயணத்தில் கவனியுங்கள். உங்கள் காரில் முள் இல்லாமல், இன்ஜின் ஆறியிருப்பதைக் காட்டும் நீல விளக்கு மட்டும் இருந்தால், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் ஓட்டிப் பார்த்து அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது உயிரோடு விளையாடும் தவறு. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு கலங்குகிறது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுகின்றன. டீசல் பாய்ச்சல் அறவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ இன்ஜின் அணையாமல் ஓடுவதற்காக டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சப்படுத்துவதாக நினைத்துச் செலவழிக்கிறோம், அதற்கு மேல் வண்டியின் முழு எடையையும் பிரேக் மீது ஏற்றுகிறோம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

ஐந்தாவது கியர் என்றாலே சிக்கனம் என்பதும் அரைகுறை உண்மைதான். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவதில் போட்டு அழுத்தினால் இன்ஜின் திணறும், கரும்புகை வரும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உள்ள சிறிய டீசல் இன்ஜின்கள் நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்றுக்குள் சுகமாக இழுக்கும், அங்கே வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது. 80இல் போகும்போது இருக்கும் எதிர்ப்பு 110இல் கிட்டத்தட்ட 1.9 மடங்காகிவிடும். எந்த மருந்தும் எந்த ஆயிலும் இதை ஈடுகட்டாது.

டயரில் காற்றை எப்போதும் ஓட்டிச் சூடான பிறகு பார்ப்பது இன்னொரு பழக்கம். சூட்டில் அழுத்தம் கூடித் தெரியும். சரியாக இருக்கிறது என்று நினைத்துக் குறைந்த காற்றோடு ஓட்டுவோம். காலையில், பக்கத்துப் பங்கில், ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து அடையுங்கள். இதோடு இன்னொன்றையும் பாருங்கள். பிரேக்கை அதிகம் தொடாமல் 20 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திய பிறகு, முன்சக்கரங்கள் இரண்டின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் கட்டையை அழுத்தும் அந்தப் பக்கக் காலிப்பர் இறுகி, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் மாமாவின் காரில் இடது சக்கரத்திலிருந்து கருகிய வாசனையே வந்தது. காலிப்பர் நகர்வதற்கான இரண்டு ஊசிகளையும் (pin) கழற்றித் துருவைத் துடைத்து, அதற்குரிய கிரீஸ் தடவியதும், சமதளத்தில் கையால் தள்ளினாலே கார் நகர்ந்தது.

கரும்புகை வந்தால் உடனே இன்ஜெக்டரைக் குறை சொல்லிவிடுகிறார்கள். கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்று அர்த்தம். முதலில் ஏர் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். செம்மண் சாலையில் ஓடும் காருக்கு, புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது. பிறகு டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாய்களைத் தடவிப் பாருங்கள். ஏதேனும் ஓர் இடத்தில் புதிதாக ஆயில் ஈரம் பிசுபிசுத்தால் அங்கே வெடிப்பு இருக்கலாம். அடைத்த காற்று அதன் வழியே வெளியேறும். அடுத்தது புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி விடும் இஜிஆர் வால்வு. கரி படிந்து திறந்தே நின்றால் இழுவை குறையும், டீசல் கூடும்.

மண்ணெண்ணெய் கலப்பதைப் பற்றி இரண்டே வரி. இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்றைய பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் மசகு. 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்யும் அவற்றில் மண்ணெண்ணெயை ஓட விட்டால் உலோகம் உரசித் தேயும். டீசலில் மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு பம்புக்குக் கொடுக்க நேரும். மைலேஜ் கூடும் என்று நம்பி டீசல் குழாயில் காந்தம் மாட்டுவதற்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு நல்ல டீசல் ஃபில்டர் வாங்கிவிடலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மைலேஜ் ஏறவில்லை என்றால் மட்டும் இன்ஜெக்டர் பக்கம் போங்கள். அப்போதும் நான்கையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் குழாயிலும் ஒரு சின்னப் பாட்டிலை மாட்டி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, எதில் டீசல் அதிகம் சேர்கிறது என்று உங்கள் கண் எதிரே காட்டச் சொல்லுங்கள். மூன்று பாட்டில்களில் ஒரே அளவும் நான்காவதில் இரண்டு மடங்கும் நின்றால், வேலை அந்த ஒன்றுக்குத்தான்.