டயர் காற்றழுத்தம்: வேகக் கார் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

வேகக் கார் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "எத்தனை பிஎஸ்ஐ வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான். பிஎஸ்ஐ என்பது காற்றழுத்தத்தின் அலகு. ஆனால் கேள்வியே அரைகுறை. டயர் எவ்வளவு சூடாக இருக்கும்போது அந்த அளவு என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் பதிலால் பயனில்லை. 25 டிகிரி செல்சியசில் 32 பிஎஸ்ஐ காட்டும் டயர், உள்ளிருக்கும் காற்று 80 டிகிரிக்குச் சூடேறினால் 40-ஐத் தாண்டிவிடும். ஏறத்தாழ 6 டிகிரிக்கு 1 பிஎஸ்ஐ என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கை மறப்பதால் வருபவை.

சாலை ஓட்டத்துக்கு எந்த அளவு என்பதில் குழப்பமே வேண்டாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைதான் அதற்கு ஆதாரம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்று அடிப்பது தவறு. அட்டவணை எண் குளிர்ந்த டயருக்கானது, அதாவது குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற காருக்கு. நின்ற காரிலும், ஒரு பக்கம் மட்டும் வெயிலில் இருந்தால் அந்தப் பக்க டயர்கள் கூடுதலாகக் காட்டும் என்பதால் விடியற்காலையில் அளப்பதே நல்லது. அதிவேகத்துக்கென்று சில கார்களில் தனி வரிசை இருக்கும். அதில் அழுத்தம் கூடுதலாகவே சொல்லியிருப்பார்கள்.

நெடுஞ்சாலையில் ஓடிவந்து பங்க்கில் அளந்து, 41 காட்டுகிறதே என்று பதறி 36-க்கு இறக்குகிறவர்கள் ஏராளம். காலையில் 36 வைத்த டயர் அப்படி ஏறுவது இயல்பு. இறக்கிவிட்டால் மறுநாள் காலை அது 31-தான். அந்தக் குறைந்த அழுத்தத்தோடு வேகமாக ஓடும்போது பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிந்து சூடேறும். டயர் வெடிப்புகளுக்கு இந்தச் சூடு முக்கியமான காரணம்.

"காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும்" என்ற நம்பிக்கை என்னை உண்மையிலேயே கவலைப்பட வைக்கிறது. ஓரளவு வரை அது சரிதான். அந்த அளவைத் தாண்டினால் டயரின் நடுப்பகுதி தரையை அழுத்தாது, ஓரங்கள் மட்டும் தேயும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் தாமதமாகத் திரும்பும். 2013-இல் சில்வர்ஸ்டோன் ஃபார்முலா 1 பந்தயத்தில் டயர்கள் அடுத்தடுத்துக் கிழிந்தபோது, டயர்களை வழங்கிய பிரெல்லி நிறுவனம் சொன்ன காரணங்களில் குறைந்த அழுத்தமும் ஒன்று. பின் டயர்களை இடவலம் மாற்றிப் பொருத்தியதையும் அதீத கேம்பர் கோணத்தையும் (சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவு) அதோடு சேர்த்துச் சொன்னார்கள். தேர்ந்த பொறியாளர்கள் சூழ்ந்திருக்கும் இடத்திலேயே நிலைமை அப்படி. மழையிலும் காற்றைக் குறைக்கக் கூடாது. அழுத்தம் குறைந்த டயரைத் தண்ணீர் இன்னும் குறைந்த வேகத்திலேயே தரையிலிருந்து தூக்கிவிடும்.

நான்கு டயருக்கும் ஒரே அளவு வைப்பதும், நண்பரின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஒரே வகைத் தவறு. போர்ஷே 911-இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. அதனால் பின் டயர்களுக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். எஞ்சின் முன்னால் இருக்கும் காருக்கு அந்த எண்களால் எந்தப் பயனும் இல்லை.

பந்தயத் தடத்தில் கணக்கு தலைகீழ். அங்கே முதலில் தீர்மானிக்க வேண்டியது சூடான அழுத்தம், அதாவது ஓடிச் சூடேறிய டயரில் இருக்க வேண்டிய அளவு. டயர் நிறுவனம் தடத்துக்கென்று சொல்லும் இலக்கை அறிந்து, அதிலிருந்து பின்னோக்கி வந்து காலை அளவை வையுங்கள். சில சுற்றுகள் வேகமாக ஓட்டி, ஆற விடாமல் உடனே பிட்டுக்குள் (தடத்தை ஒட்டிக் கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) வந்து நான்கையும் அளந்து, மிகுந்ததை இறக்குங்கள். வலஞ்சுழியாக ஓடும் தடத்தில் இடப்பக்க டயர்கள் அதிகம் உழைப்பதால் அவைதான் அதிகம் ஏறும். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் காலை ஏழு மணிக்குப் பொருந்திய அளவு, தார் கொதிக்கும் பிற்பகலில் பொருந்தாது. ஒவ்வொரு முறை களமிறங்கிய பிறகும் அளக்க வேண்டும். டயரின் அகலத்தில் மூன்று இடங்களில் வெப்பம் பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். நடுப்பகுதி அதிகம் சூடாக இருந்தால் காற்று மிகுதி, இரு ஓரங்களும் சூடாக இருந்தால் குறைவு. எப்போதும் ஒரே அளவுமானியைப் பயன்படுத்துங்கள்.

நைட்ரஜன் அடித்தால் அழுத்தம் ஏறாது என்பது உண்மையல்ல. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரப்பதம் இல்லாத காற்று சீராக ஏறும் என்பதே அதில் உள்ள முக்கிய நன்மை.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது தடத்திலிருந்து வீடு திரும்பும் பயணம். சூட்டில் 34-க்கு இறக்கிய டயர் ஆறியதும் 26, 27-க்கு வந்து நிற்கும். அமெரிக்க விதிப்படி காரில் அமைந்த, டயர் அழுத்தம் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு, பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறையும் வரை எரிய வேண்டியதில்லை. 36 என்றால் 27 வரை அது அணைந்தே இருக்கலாம். காரில் ஒரு சிறிய காற்றடிக்கும் பம்பு வைத்திருங்கள். டயர் ஆறிய பிறகு அட்டவணை அளவுக்கு அடித்துவிட்டு நெடுஞ்சாலை ஏறுங்கள்.