சிகரெட்டை விடும் முன்னாள் ராணுவத்தினர் ஞாபகசக்தியைக் கவனிப்பது எப்படி?

சிகரெட் பிடித்தால்தான் மூளை ஓடுகிறது என்று முன்னாள் ராணுவத்தினர் பலர் நம்புகிறார்கள். உண்மையில், புகையிலையில் இருக்கும் போதைப்பொருளான நிகோடின் உடலில் குறைந்து சிதறிய கவனத்தை அடுத்த சிகரெட் கொஞ்ச நேரம் சரிசெய்கிறது, அவ்வளவுதான், ஆனால் புகையோ மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களை வருடக்கணக்கில் கெடுத்துக்கொண்டே இருக்கிறது.

விடும் நாளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் 3 நாள் கடினம். கவனச்சிதறலும் எரிச்சலும் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் அடங்கிவிடும், அதுவரை எதையும் நோட்டில் எழுதி வையுங்கள். தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பேட்ச் உதவும்.

அப்புறம், இது முக்கியம்: தலையில் அடிபட்டிருந்தாலோ, போர் நினைவுகள் தூங்கவிடாமல் செய்தாலோ அதனாலும் மறதி வரலாம், டாக்டரிடம் மறைக்காதீர்கள். மனநோய்க்குத் தரப்படும் ஒலான்சபின் மாத்திரை சாப்பிடுபவர்கள் சிகரெட்டை விடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், புகை நின்றால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறும்.