தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிக் குழு: கொழும்பில் தொடங்கும் முறை

கொழும்பில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டமல்ல, வீடுகள் நெருக்கமாக இருக்கும் ஏழைக் குடியிருப்பு. கொச்சிக்கடை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ், தெமட்டகொடை என்று எந்தப் பக்கம் போனாலும் டியூஷன் போஸ்டர் ஒட்டாத சுவர் இல்லை. பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறது. ஒரு பிள்ளையோடு கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்து, அந்தப் பிள்ளை கதைப்பதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. தாய் வெளிநாட்டில், தகப்பன் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி வேலையில் என்றால் வீட்டில் இருப்பது ஆச்சி மட்டுமே. அந்த ஒன்றரை மணித்தியாலத்தை எப்படி ஒழுங்கு செய்வது என்பதுதான் இந்தப் பதிவு.

மண்டபம் கேட்டுக் கடிதம் எழுதுவது, வட்ஸ்அப் குழு தொடங்குவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: ஆறு பிள்ளைகள், எட்டுப் பெரியவர்கள்

ஆறு பிள்ளைகளுக்கு ஆறு வழிகாட்டிகள். அதற்கு மேல் ஒரு ஒருங்கிணைப்பாளரும் ஒரு மாற்று ஆளும். முப்பது பிள்ளைகளோடு தொடங்கினால் மூன்றாவது கிழமையே அது வகுப்பாகிவிடும். ஆறு என்றால், ஒருங்கிணைப்பாளர் ஒரு மாலைக்குள் ஆறு வீட்டுக்கும் கோல் எடுத்து முடிக்கலாம்.

வயது 10 முதல் 14. தரம் 5 பிள்ளையைப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை தொடாதீர்கள். சனி, ஞாயிறு இரண்டும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமில்லை. பரீட்சை முடிந்த அடுத்த மாதம் தொடங்குங்கள். அதுவரை முழுக் குடும்பமும் தலையில் தூக்கி வைத்திருந்த பிள்ளையை அதன்பின் யாரும் கவனிப்பதில்லை. வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளை முடிவு வந்ததும் தன்னை முட்டாள் என்றே நம்பத் தொடங்குகிறது. அடுத்த ஆபத்தான இடம் தரம் 8, 9. கட்டாயக் கல்வி வயது 16 வரை என்றாலும் "ஸ்கூல் போய் என்ன?" என்ற கேள்வி முளைப்பது அங்கேதான்.

படி 2: நாளும் இடமும்

சனிக்கிழமை பி.ப. 3.30 முதல் 5.00 வரை. ஞாயிறு காலையில் இந்துப் பிள்ளைகளின் அறநெறி வகுப்பு, கத்தோலிக்கப் பூசை, முஸ்லிம் பிள்ளைகளின் அஹதிய்யா மார்க்க வகுப்பு மூன்றும் இருக்கும். ஒரே தோட்டத்தில் இந்து, கத்தோலிக்க, முஸ்லிம் பிள்ளைகள் கலந்து இருப்பதால் ஞாயிறு ஒருவருக்கும் பொருந்தாது. கிழமை நாட்களில் டியூஷன்.

இடம் பிள்ளை நடந்து வரும் தூரத்தில் இருக்கட்டும். சனசமூக நிலையம் நல்லது. கோயில் மண்டபமோ பள்ளிவாசல் மண்டபமோ கிடைத்தால் எடுக்கலாம். ஆனால் மற்ற மதத்துப் பெற்றோரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கதவு திறந்தே இருக்க வேண்டும். எல்லாச் சோடியும் ஒரே கூடத்தில், ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி இருக்க வேண்டும்.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வரும். மழை பெய்தாலும் மண்டபம் திறக்கும் என்பதை ஆரம்பத்திலேயே விதியாக்குங்கள். தாழ்ந்த இடத்தில் வெள்ளம் ஏறினால் மட்டும், பகல் 1 மணிக்கு முன் பெற்றோர் குழுவுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் குரல் செய்தி போடுங்கள். எழுத்துச் செய்தி வேண்டாம். பேரப்பிள்ளையை வளர்க்கும் ஆச்சிமாரில் பலர் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

படி 3: வழிகாட்டிகளைத் தெரிவு செய்தல்

ஏ.எல். முடித்த பெடியனும் பெண்பிள்ளையும்தான் முதலில் கை தூக்குவார்கள். ஆசை நிறைய இருக்கும். ஆனால் பலருக்குப் பல்கலைக்கழக அனுமதியோ வெளிநாட்டு விசாவோ எப்போதும் வரலாம். அவர்களை மாற்று ஆளாக, விளையாட்டுக்குப் பொறுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிகளாக 30 முதல் 60 வயதுக்குள், இடம் மாறாத வேலையில் அல்லது ஓய்வில் இருப்பவர்களைத் தேடுங்கள். வங்கியில் வேலை செய்பவர், ஓய்வுபெற்ற தாதி, தையல்காரர், த்ரீவீல் ஓடுபவர் எல்லாரும் சரி. படிப்பை விடத் தவறாமல் வருவதே பெரிய தகுதி.

தூரமும் பாருங்கள். வெள்ளவத்தையிலிருந்து 155 பஸ்ஸில் மட்டக்குளிக்கு வருபவர் முதல் மாதம் வருவார். இரண்டாம் மாதம் நெரிசல் அவரை வெல்லும். அரை மணித்தியாலத்துக்குள் வந்து சேரக்கூடியவர் போதும்.

ஒரு வருடத்துக்கு ஒப்புக்கொள்ளாதவரைச் சேர்க்கவே வேண்டாம். இதில் இரக்கம் பார்க்கக் கூடாது. 1904இல் நியூயோர்க்கில் தொடங்கிய பிக் பிரதர்ஸ் என்ற சிறுவர் வழிகாட்டி அமைப்பின் வழிகாட்டிகளையும் பிள்ளைகளையும் ஆராய்ந்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2002இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். உறவு ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த பிள்ளைகளிடமே அதிக முன்னேற்றம் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் உறவு அறுந்த பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பு இருந்ததை விடக் கீழே போனது. ஏற்கெனவே தாயோ தகப்பனோ பிரிந்து வாழும் பிள்ளையிடம், பாதியில் போகும் இன்னொரு பெரியவரைக் கொண்டு நிறுத்தாதீர்கள்.

படி 4: அனுமதியும் பாதுகாப்பும்

ஒவ்வொரு வழிகாட்டியிடமும் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ் வாங்குங்கள். அது மட்டும் போதாது. வதிவிடத்தையும் பொதுவான நடத்தையையும்தான் அது சொல்லும். அவரைத் தெரிந்த இருவருக்கு நீங்களே கோல் எடுத்து, "உங்கள் பிள்ளையை இவரிடம் விடுவீர்களா?" என்று கேளுங்கள். பதிலுக்கு முன் வரும் தயக்கத்தையும் கவனியுங்கள்.

பெற்றோர் அனுமதிக் கடிதம் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் இருக்கட்டும். கையெழுத்து வாங்க வீட்டுக்கே போங்கள். தாளைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினால் திரும்பி வராது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். தொடங்குமுன் அவரைச் சந்தித்துச் சொல்லிவிடுங்கள். நகரம் இரண்டு செயலகங்களின் கீழ் வருகிறது: கொச்சிக்கடை, மட்டக்குளிப் பக்கத்துக்குக் கொழும்புச் செயலகம்; வெள்ளவத்தை, நாரஹேன்பிட்டிப் பக்கத்துக்குத் திம்பிரிகஸ்யாயச் செயலகம்.

மாற்றமில்லாத விதிகள்: பிள்ளையோடு தனி இடத்தில் இருக்கக் கூடாது. பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது, எல்லாம் பெற்றோர் குழு ஊடாகத்தான். பிள்ளையின் படத்தை ஃபேஸ்புக்கில் போடக் கூடாது. காசு, ஃபோன் ரீலோட், உடுப்பு எதுவும் கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைத்தான் நல்ல மனம் உள்ளவர்கள் முதலில் மீறுவார்கள். ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் அடுத்த வீட்டில் சண்டை வரும்; பிள்ளையும் உங்கள் முகத்தை விட்டுக் கையைப் பார்க்கத் தொடங்கும். உண்மையான தேவை இருந்தால் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். பாடசாலை வழியாகவோ வேறு வழியாகவோ, கொடுத்தவர் பெயர் தெரியாமல் போய்ச் சேரட்டும்.

அடி, தொந்தரவு பற்றிப் பிள்ளை வாய் திறந்தால் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே மனப்பாடம் செய்துவையுங்கள்: "சொன்னது நல்லது. உங்கள் மேல் பிழை இல்லை. இதை நான் மட்டும் வைத்திருக்க ஏலாது, உதவி செய்யக்கூடியவரிடம் சொல்லுவேன். யாரிடம் சொல்லப்போகிறேன் என்று முதலில் உங்களுக்குச் சொல்லுவேன்." துருவித் துருவிக் கேட்காதீர்கள். ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்யாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் போய் விசாரிக்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே அன்றிரவே எழுதி வையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் 24 மணித்தியாலமும் இலவசம், தமிழிலும் கதைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 119.

படி 5: முதல் நான்கு கிழமைகள்

பெரும்பாலான குழுக்கள் சறுக்கி விழுவது இங்கேதான். நல்ல எண்ணத்தோடு வந்த ஒருவர் முதல் நாளே கேட்பது: "எத்தனையாம் தரம்? மார்க்ஸ் எத்தனை? அப்பா என்ன வேலை?" மூன்றும் விசாரணைக் கேள்விகள். ஐந்து நாளும் புள்ளி போடப்படும் பிள்ளைக்கு ஆறாவது நாளும் ஒரு பரீட்சகர் கிடைக்கிறார். அது தலையைக் குனிந்து ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும். வழிகாட்டி பயந்துபோய் கணக்குப் புத்தகத்தைத் திறப்பார். அதோடு அது டியூஷன் ஆகிவிடும்.

இதற்கு மருந்து கேரம் போர்ட். ஆறு சோடிக்கு மூன்று போர்ட் போதும், இரண்டு சோடி ஒரு போர்ட்டில் உட்காரலாம். செஸ் எனக்குப் பிடிக்காது. அமைதி கேட்கும் விளையாட்டு அது. ஃபோன் கேம் வேண்டவே வேண்டாம். கேரமில் இருவர் கண்ணும் காயில் இருக்கும், யாரும் யாரையும் முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை, கதை தானாக வரும். அதோடு தோட்டத்துப் பிள்ளை பெரும்பாலும் உங்களை வெல்லும். வெல்லட்டும்.

முதல் கிழமை விளையாட்டு மட்டும். கேட்க வேண்டுமானால் பிள்ளைக்குத் தெரிந்ததைக் கேளுங்கள்: "இந்தக் காயை எப்படி அடிக்கிறது?" பத்து நிமிடம் பேச்சே இல்லாவிட்டாலும் பொறுத்திருங்கள்.

இரண்டாம் கிழமை அதே இடம், அதே ஆள், அதே விளையாட்டு. புதுமை எதுவும் வேண்டாம். நீங்கள் திரும்பி வந்ததே அன்றைய பாடம்.

மூன்றாம் கிழமை ஒரு ஏ4 தாளில் பிள்ளை தன் தோட்டத்தின் வரைபடம் கீறட்டும்: வீடு, குழாய், கடை, கிரிக்கெட் அடிக்கும் இடம், போகப் பயப்படும் மூலை. பென்சிலைப் பிள்ளையே பிடிக்க வேண்டும். எந்த மூலையில் ஐஸ் போதைப்பொருள் விற்கிறார்கள், எந்த ஒழுங்கையைத் தவிர்த்துச் சுற்றி வருகிறது என்பதெல்லாம் நீங்கள் கேட்காமலே வரும். அந்தத் தாள் பிள்ளைக்குச் சொந்தம். படம் எடுத்து எங்கும் பகிராதீர்கள்.

நான்காம் கிழமை, மூன்று கிழமைக்குள் முடிக்கக்கூடிய ஒரு சின்ன இலக்கைப் பிள்ளையே சொல்லட்டும். 'டாக்டராவது' இலக்கு அல்ல. சிங்களத்தில் பஸ் போர்ட் வாசிப்பது நல்ல இலக்கு. கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் சிங்களம் சரளமாகக் கதைப்பார்கள், எழுத்தில் தடுமாறுவார்கள். முட்டை பொரிப்பது, வெளிநாட்டில் இருக்கும் அம்மாவுக்கு அரைப் பக்கக் கடிதம், இவையும் நல்லவை. முடிந்ததும் திகதி போட்டுப் பிள்ளையே எழுதட்டும்.

எழுதுவதற்கு ஆளுக்கு ஒரு தடித்த அட்டை சி.ஆர். கொப்பி. கூகுள் ஷீட் எவ்வளவு வசதியாக இருந்தாலும் பிள்ளை அதைத் தொட்டுப் புரட்ட முடியாது. ஆறு மாதம் கழித்து முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்த் தன் கையெழுத்தைப் பார்ப்பதில் ஒரு பலம் இருக்கிறது.

கூப்பிடும் முறையும் இங்கேயே தீர்மானமாகும். சேர், மிஸ் வேண்டாம். அண்ணா, அக்கா, அங்கிள், ஆன்டி, பிள்ளைக்கு எது வாயில் வருகிறதோ அது. நீங்கள் பிள்ளையை 'நீங்க' என்றே சொல்லுங்கள். தோட்டத்துக்கு வெளியே அந்த மரியாதை அவர்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது.

"கணக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்று அம்மாமார் கேட்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது, ஓ.எல்.லில் கணிதம் போனால் உயர்தரத்துக்குப் போவது கஷ்டம். நான்காம் கிழமைக்குப் பிறகு கடைசி 20 நிமிடத்தைப் பாடத்துக்கு ஒதுக்குங்கள், பிள்ளை தானாகப் பையைத் திறந்தால் மட்டும். முதல் 70 நிமிடத்தை அது தின்ன விடாதீர்கள்.

படி 6: காகித வேலை

இதைப் பலர் வழிகாட்டல் என்று நினைப்பதில்லை. 13 வயதில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பாடசாலைப் பதிவில் ஒரு பெயர், சான்றிதழில் வேறு எழுத்து என்று இருப்பது வழமை. திருத்த மாதக்கணக்கில் எடுக்கும். 15 வயதில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது தெரியவந்தால், ஓ.எல். பரீட்சைக்கு ஓடித்திரிய வேண்டியிருக்கும். பாடசாலைப் பிள்ளையின் விண்ணப்பம் அதிபர் ஊடாகப் போகும். பிரதேச செயலகத்துக்குப் பெற்றோரோடு நீங்களும் போய் வரிசையில் நில்லுங்கள். கதைப்பது பெற்றோராகவே இருக்கட்டும்.

மூன்று மாதம் போனபின் குழுவாக ஒரு பயணம்: விகாரமகாதேவிப் பூங்காவும் பொது நூலகமும் ஒரே நடையில் முடியும்.

படி 7: முடிவு

வழிகாட்டி விலக நேர்ந்தால் நான்கு சந்திப்புகளுக்கு முன் பிள்ளையிடம் நேரில் சொல்ல வேண்டும். காரணத்தை உள்ளபடி சொல்லுங்கள். "அடிக்கடி வருவேன்" என்று பொய் சொல்லாதீர்கள். கடைசி இரண்டு சந்திப்பில் மாற்று ஆளும் கூட இருக்கட்டும்.

பின்சேர்க்கை: பிள்ளை வராமல் விட்டால்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். தீபாவளி, சித்திரைப் புத்தாண்டுக்குப் பல குடும்பங்கள் ஹட்டன், பதுளைப் பக்கம் போய்விடும். அந்தக் கிழமைகளை முதலிலேயே கலண்டரில் வெட்டிவிடுங்கள். மற்ற நேரத்தில் ஒரு கிழமை தவறினால் பெற்றோருக்குக் கோல். இரண்டு கிழமை தவறினால் வழிகாட்டியும் ஒருங்கிணைப்பாளரும் சேர்ந்து வீட்டு வாசல்வரை போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். உள்ளே கூப்பிட்டாலும் வாசலிலேயே நின்று, "சனிக்கிழமை மூன்றரைக்குப் போர்ட் போட்டிருக்கும், உங்கட பக்கம் காலியா வச்சிருப்பன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னபடி வைத்திருங்கள், பிள்ளை வராத சனிக்கிழமையிலும்.