கைபேசியை வைத்தே அக்கம்பக்கத்து வாடிக்கையாளரைக் கடைக்கு வரவைப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

மொபைல் மார்க்கெட்டிங் என்று சொன்னதும் கடை நடத்துகிற பலருக்கும் இரண்டு விஷயங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, கடைக்கென்று சொந்தமாக ஓர் ஆப். இன்னொன்று, காசு கட்டிப் போடும் விளம்பரம். இரண்டையுமே இந்தப் பதிவின் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். அதிலும் ஒன்றை வேண்டவே வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன்.

பக்கத்தில் தையல்காரர் யார் இருக்கிறார், இந்த நேரத்தில் எந்த ஒர்க்‌ஷாப் திறந்திருக்கும் என்று போனில் தேடுகிறவர், செலவழிக்கலாமா வேண்டாமா என்ற யோசனையை ஏற்கெனவே முடித்துவிட்டவர். யாரிடம் போவது என்பது மட்டுமே அவருக்குப் பாக்கி. அவரை மயக்கிப் பிடிக்கத் தேவையில்லை. முகவரி சரியாக இருந்து, திறக்கும் நேரம் சரியாக இருந்து, கேட்ட கேள்விக்குப் பதிலும் வந்தால் போதும், வந்துவிடுவார். கீழே உள்ள வேலைகள் எல்லாமே இதைச் சுற்றித்தான். ஒரு ஸ்மார்ட்போன் போதும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

படி 1: கூகுள் மேப்பில் உங்கள் தொழிலைப் பதியுங்கள்

இதற்கான இலவச வசதியின் பெயர் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். 2021 நவம்பர் வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது. பழைய வீடியோக்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அதற்கென்று இருந்த தனி ஆப் 2022-இல் நிறுத்தப்பட்டது. அதிலேயே இலவசமாக வெப்சைட் செய்துகொள்ளும் வசதி 2024 மார்ச்சிலும், சாட் வசதி அதே ஆண்டு ஜூலையிலும் போய்விட்டன. இப்போது எல்லாவற்றையும் கூகுள் மேப்ஸ் ஆப்பிலிருந்தோ கூகுள் தேடல் பக்கத்திலிருந்தோ செய்யலாம்.

முதலில் மேப்பில் உங்கள் கடைப் பெயரைத் தேடிப் பாருங்கள். நீங்கள் பதியாவிட்டாலும் வேறு யாராவது ஏற்கெனவே சேர்த்திருக்கக்கூடும். அப்படி இருந்தால் புதிதாக ஒன்றைத் தொடங்காமல், அந்தப் பக்கத்திலேயே உரிமை கோரும் பொத்தானை அழுத்துங்கள். ஒரே கடை மேப்பில் இரண்டு இடத்தில் தெரிந்தால் ரிவ்யூக்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கும், வருகிறவரும் குழம்புவார்.

பெயர் போடும்போது போர்டில் உள்ளதை அப்படியே போடுங்கள். தேடலில் மேலே வரட்டும் என்று பெயரோடு "சிறந்த", "குறைந்த விலை", ஊர்ப் பெயர் என்றெல்லாம் ஒட்டுவது கூகுளின் விதிக்கு எதிரானது. பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். மேலே வர வேண்டுமானால் கவனம் வைக்க வேண்டிய இடம் தொழில் வகை, அதாவது கேட்டகிரி. முதன்மை வகை ஒன்று, கூடுதலாக 9 வரை சேர்க்கலாம். முதன்மை வகையில் பொதுவான ஒன்றை விட்டு, உங்கள் வேலைக்கு மிக நெருக்கமானதைத் தேர்ந்தெடுங்கள். அருகிலுள்ள கடைகளை வரிசைப்படுத்த மூன்றைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது: தேடியதற்கு எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர்பெற்றது. தூரம் உங்கள் கையில் இல்லை. பொருத்தம் முழுக்க உங்கள் கையில்தான்.

கடை என்று ஓரிடம் இல்லாமல் வீடு தேடிப்போய் வேலை செய்பவரா? வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, சேவை தரும் பகுதிகளை மட்டும் காட்டலாம். 20 பகுதிகள் வரை சேர்க்க முடியும்.

அடுத்து சரிபார்ப்பு. போன், மின்னஞ்சல், தபால், வீடியோ எனப் பல வழிகள் உண்டு. எது என்பதைக் கூகுளே முடிவு செய்யும். வீடியோ கேட்டால் பயப்பட வேண்டாம். நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். தெருவும் சுற்றுப்புறமும் தெரிய வேண்டும், கடைப் போர்டு தெரிய வேண்டும், நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்பதும் புரிய வேண்டும். பூட்டைத் திறந்து உள்ளே போவது, கல்லாவைத் திறப்பது, இவை போதும். எடிட் செய்து பாட்டெல்லாம் சேர்த்து அனுப்பினால் திரும்பி வந்துவிடும்.

படம் போடுவதில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். முதல் படம் தெருவிலிருந்து பார்த்தால் கடை எப்படித் தெரியுமோ அப்படி இருக்கட்டும். புதிதாக வருகிறவர் வண்டியை எங்கே நிறுத்துவது என்று பார்ப்பது அந்தப் படத்தைத்தான். 720க்கு 720 பிக்சல் அளவும், 5 எம்பிக்குள் கோப்பும் இருந்தால் போதும். இன்றைய போன் கேமரா எதுவும் அந்தப் பிக்சல் அளவைத் தாண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் திறக்கும் நேரம். விடுமுறை நாளுக்கென்று தனியாகச் சிறப்பு நேரம் குறிக்கும் வசதி இருக்கிறது. மூடியிருக்கும் கடையை "திறந்திருக்கிறது" என்று மேப் காட்டி, நம்பி வந்தவர் பூட்டைப் பார்த்துத் திரும்பினால் அவர் மறுபடி வரமாட்டார். போகிறபோக்கில் ஒற்றை நட்சத்திரமும் போட்டுவிட்டுப் போவார். இன்னொன்று: உங்கள் பக்கத்தில் திருத்தம் செய்யச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். ஆகவே மாதம் ஒருமுறையாவது எண், நேரம், இடக்குறி மூன்றும் மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 2: ரிவ்யூ கேளுங்கள், கூச்சப்படாமல்

வேலை நன்றாக முடிந்து வாடிக்கையாளர் முகம் மலரும் அந்த நிமிடம்தான் கேட்பதற்கான நேரம். உங்கள் ப்ரொஃபைலிலேயே ரிவ்யூ கேட்பதற்கான லிங்க் இருக்கும். அதை அவருக்கு அனுப்பினால் நேராக நட்சத்திரம் போடும் இடத்தில் போய் நிற்பார். "மேப்புக்குப் போய், பெயரைத் தேடி, கீழே இறங்கி" என்று வழி சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள்.

தள்ளுபடியோ பரிசோ கொடுத்து ரிவ்யூ வாங்கக் கூடாது. கூகுளின் விதி தடுக்கிறது. திருப்தியாக இருப்பவரிடம் மட்டும் பொறுக்கிக் கேட்பதும் அதே கணக்கில்தான் வரும்.

மோசமான ரிவ்யூவுக்கும் பதில் எழுதுங்கள். அதை எழுதியவரைவிட, அடுத்து படிக்கப்போகிற நூறு பேர்தான் உங்களுக்கு முக்கியம். இரண்டு வரி போதும்: நடந்தது என்ன, எப்படிச் சரிசெய்யலாம், எந்த எண்ணில் பேசலாம். வாக்குவாதத்தில் நீங்கள் ஜெயித்தாலும் படிக்கிறவர் கண்ணில் தோற்றவர் நீங்கள்தான்.

படி 3: வாட்ஸ்அப் பிசினஸ்

மேப்பில் பார்த்தவர் அடுத்து என்ன செய்வார்? ஒன்று நேரே வருவார், அல்லது கூப்பிடுவார், இல்லாவிட்டால் ஒரு மெசேஜ் போடுவார். மெசேஜ் போடுகிறவர்களைக் கையாளத்தான் இது. 2018-இல் வந்த இந்த ஆப் இலவசம். வழக்கமான வாட்ஸ்அப்பிலிருந்து தனியானது.

ஆரம்பத்திலேயே எண்ணை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே எண்ணை வழக்கமான வாட்ஸ்அப்பிலும் பிசினஸ் ஆப்பிலும் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. தொழிலுக்கென்று தனி எண் வாங்குவது நல்லது. கடையில் லேண்ட்லைன் இருந்தால் அதையேகூடப் பதியலாம்; சரிபார்ப்பு எண்ணை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அழைப்பில் சொல்லச் சொன்னால் போதும்.

பதிந்ததும் மூன்று காரியங்களை அன்றே முடியுங்கள்.

முதலாவது வரவேற்புச் செய்தி. முதல் தடவை மெசேஜ் அனுப்புகிறவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி வருகிறவருக்கும் தானாகப் போகும். "உங்கள் செய்திக்கு நன்றி" என்பதோடு நிறுத்தாதீர்கள், அதனால் யாருக்கும் பயனில்லை. எத்தனை மணிக்குள் பதில் வரும், அவசரம் என்றால் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். கடை மூடியிருக்கும்போது போகும் செய்தியைத் தனியாக அமைக்கலாம்.

இரண்டாவது க்விக் ரிப்ளை. தினமும் கேட்கப்படும் ஐந்தாறு கேள்விகள் எந்தத் தொழிலிலும் உண்டு: இடம் எங்கே, எவ்வளவு ஆகும், எத்தனை நாளில் முடியும், இன்று வரலாமா. ஒவ்வொன்றுக்கும் நிதானமாக ஒரு நல்ல பதிலை எழுதி, ஒரு குறுஞ்சொல்லோடு சேமித்துவிட்டால், சாய்கோடு போட்டு அந்தச் சொல்லைத் தட்டியதும் முழுப் பதிலும் வந்து நிற்கும். 50 வரை சேமிக்கலாம். பத்தைத் தாண்ட எனக்குத் தெரிந்து தேவைப்படாது.

மூன்றாவது கேட்டலாக். பொருள்களையோ சேவைகளையோ படம், விலை, விவரத்தோடு அடுக்கிவைக்கும் அலமாரி. 500 வரை வைக்கலாம் என்றாலும், அதிகம் கேட்கப்படும் பத்துப் பன்னிரண்டோடு தொடங்குங்கள். விலையை மறைத்துவைத்து "விவரத்துக்கு மெசேஜ் செய்யவும்" என்று போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. விலை தெரியாதவர் கேட்பதில்லை, அடுத்த கடையைப் பார்க்கிறார். உறுதியான விலை சொல்ல முடியாத தொழில் என்றால் "இதிலிருந்து தொடங்கும்" என்றாவது போடுங்கள்.

உரையாடல்களுக்கு அடையாளமாக ஒட்டும் லேபிள்களை மெதுவாகப் பழகிக்கொள்ளலாம். புதியவர், முன்பணம் கட்டியவர், வேலை முடிந்தவர் என்று வண்ணம் பிரித்துவைத்தால் யாரும் விட்டுப்போகமாட்டார்கள்.

பதில் சொல்ல ஓர் ஆளுக்கு மேல் இருக்கிறீர்களா? முதன்மைப் போனோடு இன்னும் 4 சாதனங்களை இணைக்கலாம். ஆனால் முதன்மைப் போனை 14 நாளுக்கு மேல் தொடாமல் விட்டால் மற்றவை தாமாகவே துண்டிக்கப்படும்.

படி 4: கடைக்கு வந்தவரைப் போனில் இணைக்க க்யூஆர் கோடு

க்யூஆர் கோடு 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவானது. 2017-இல் ஐபோன் கேமராவே அதைப் படிக்கத் தொடங்கிய பிறகு தனி ஸ்கேனர் ஆப்பின் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது.

ஒரு கோடு, ஒரு வேலை. கல்லா மேசையில் ரிவ்யூவுக்கு ஒன்று. மூடிய கதவில் வாட்ஸ்அப்புக்கு ஒன்று. இரவில் வந்து திரும்புகிறவர் அங்கேயே செய்தி போட்டுவிடுவார். வாட்ஸ்அப் கோடு பிசினஸ் ஆப்பிலேயே கிடைக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஸ்கேன் செய்தால் என்ன கிடைக்கும் என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள்.

அச்சடிக்கும்போது ஒரு கணக்கு: எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 10 சென்டிமீட்டர். சுற்றி வெள்ளை ஓரம் விட வேண்டும். அழகுக்காக அதை வெட்டினால் படிக்காது.

"இலவச டைனமிக் க்யூஆர்" தரும் தளங்களில் ஜாக்கிரதை. அந்தக் கோடு அவர்களுடைய முகவரி வழியாகச் சுற்றிப் போகும். சோதனைக் காலம் முடிந்ததும் காசு கேட்பார்கள். கட்டாவிட்டால் நீங்கள் அச்சடித்த போர்டெல்லாம் வீண். லிங்கை நேரடியாகவே பதித்த கோடு எப்போதும் வேலை செய்யும். பணம் வாங்கும் கோடு வைத்திருந்தால், அதன்மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று கடை திறக்கும்போது ஒரு பார்வை பாருங்கள். இந்த மோசடி பல நாடுகளில் நடக்கிறது.

படி 5: அனுமதி வாங்கி, அளவாகப் பேசுங்கள்

வந்தவரை மறுபடி வரவைப்பதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். எண் கிடைத்ததே என்று காலை வணக்கப் படத்திலிருந்து எல்லாவற்றையும் அனுப்பினால், ஒரே தட்டலில் ப்ளாக். கூகுளுக்கே இந்தப் பாடம் நடந்தது. கடைப் பக்கமாகப் போகிற ஆண்ட்ராய்டு போன்களுக்குத் தானாக அறிவிப்பு காட்டும் வசதி ஒன்றை வைத்திருந்தார்கள். தேவையில்லாத அறிவிப்புகள் பெருகியதால் 2018 டிசம்பரில் மூடிவிட்டார்கள்.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் ப்ராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். இதைத் தடையாகப் பார்க்காதீர்கள், இதுவே ஒரு வடிகட்டி. "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், புதிதாக எதுவும் வந்தால் சொல்கிறோம்" என்று நேரில் கேட்டுவிட்டு, மாதத்துக்கு இரண்டு மூன்று முறை அனுப்பினால் போதும். வேண்டாம் என்றவரை அன்றே நீக்குங்கள். மற்ற நாட்களுக்கு ஸ்டேட்டஸ் இருக்கிறது. பார்க்க நினைப்பவர் பார்ப்பார், 24 மணி நேரத்தில் மறைந்தும்விடும்.

எஸ்எம்எஸ் அனுப்புவதானால் தமிழில் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறிகள்தான். அதிலும் புள்ளியும் கால்கொம்புகளும் தனித்தனியாக எண்ணப்படும். "தமிழ்" கண்ணுக்கு மூன்றெழுத்து, கணக்கில் ஐந்து. 70-ஐத் தாண்டினால் இரண்டு செய்திக்கான கட்டணம். ஆகவே சந்திப்பு நேரத்தை நினைவூட்டுவது, வேலை முடிந்ததைச் சொல்வது போன்ற சுருக்கமான விஷயங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக அனுப்புமுன் உங்கள் நாட்டின் ஒப்புதல் விதிகளையும் பார்த்துவிடுங்கள்.

படி 6: வெப்சைட், விளம்பரம், ஆப்

வெப்சைட் இருந்தால் போனில் திறந்து பாருங்கள். எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும், படம் பெரிதாக இருந்து பக்கம் திணறக் கூடாது. இல்லாவிட்டால் இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

விளம்பரம், மேலே சொன்னதெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு. பரப்பளவைச் சுருக்கி, ஆட்கள் வரக்கூடிய தூரத்துக்குள் மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

ஆப் வேண்டாம். ஆண்டுக்கு நாலு தடவை வருகிற கடைக்காக யாரும் போனில் இடம் ஒதுக்கமாட்டார்கள். நிறுவினாலும், ஆண்ட்ராய்டு 13-லிருந்து அறிவிப்பு காட்டவே பயனரிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும். வாடிக்கையாளர் வாரந்தோறும் வருகிற தொழிலாக இருந்து, மெசேஜில் சமாளிக்க முடியாத கட்டம் வந்தால் அப்போது யோசிக்கலாம்.

படி 7: கணக்குப் பாருங்கள், கணக்கைப் பூட்டுங்கள்

கூகுள் ப்ரொஃபைலின் செயல்திறன் பகுதியில் எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், என்ன சொல்லித் தேடி வந்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். தேடிய சொற்களை நன்றாகப் பாருங்கள். நீங்கள் செய்கிற ஒரு வேலையின் பெயர் அதில் வரவே இல்லையென்றால், அதைச் சேவைப் பட்டியலில் சேர்க்க மறந்திருக்கலாம். புதிதாக வருகிறவரிடம் "எப்படித் தெரிந்து வந்தீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தால், திரையில் தெரியாததும் தெரியவரும்.

பிறகு பாதுகாப்பு. ப்ரொஃபைலும் வாட்ஸ்அப் எண்ணும் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். அமைத்துக் கொடுத்த தம்பியின் மெயிலில் இருக்கக் கூடாது. அவருக்கு மேலாளர் உரிமை கொடுத்தால் போதும். வாட்ஸ்அப்பில் இரண்டு படி சரிபார்ப்பை இயக்கி, 6 இலக்கப் பின் எண்ணோடு மீட்பு மின்னஞ்சலையும் சேருங்கள். எஸ்எம்எஸ்ஸில் வந்த சரிபார்ப்பு எண்ணைச் சொல்லச் சொல்லி யார் அழைத்தாலும், கூகுளிலிருந்து பேசுகிறேன், பணம் கட்டாவிட்டால் மேப்பிலிருந்து எடுத்துவிடுவோம் என்று மிரட்டினாலும், இணைப்பைத் துண்டியுங்கள். மேப்பில் இடம்பெறுவதற்குக் கூகுள் கட்டணம் வாங்குவதில்லை.