சேற்றுக் களியில் மாதிரி எடுக்கிறவர்களுக்கு

போன வாரம் எண்ணூர் பக்கம் ஒரு சைட். புதிதாகச் சேர்ந்த பையன் யூடிஎஸ் டியூபை, அதாவது குலையாத மண் மாதிரி எடுக்கும் குழாயை, வெயிலில் படுக்கப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். திட்ட வாயெடுத்தேன். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் என்று நினைவு வர, அடக்கிக்கொண்டேன். லேபிள் மறப்பது, ஆழத்தை மாற்றிக் குறிப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். மாதிரியையும் சோதனை எண்ணையும் கெடுக்கும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

டியூபை ஹாமரால் அடிப்பது

மெல்லிய சுவர் டியூபை ஒரே சீராக அழுத்தி இறக்க வேண்டும். "அழுத்தினா லேட்டாகும் சார்" என்று எஸ்பிடிக்கு (ஸ்பூன் என்ற தடித்த குழாயை மண்ணில் அடித்து, அடிகளை எண்ணும் சோதனை) வைத்திருக்கும் 63.5 கிலோ ஹாமரைத் தூக்கிப் போடுவார்கள். முதல் வேலையில் நானும் தலையாட்டினேன். லேபில் வெளியே தள்ளினால் மண் தோசைமாவு மாதிரி தளர்ந்து வந்தது. பக்கத்துக் குழியில், அதே ஆழத்தில் வேன் (களிக்குள் இறக்கிச் சுழற்றி வலிமை பார்க்கும் இறக்கைக் கருவி) காட்டிய வலிமையில் பாதிகூட இல்லை. டிசைனர் கைக்குப் போனதோ லேப் எண். களியைப் பலப்படுத்த இறக்கும் கல் தூண்களை (ஸ்டோன் காலம்) நெருக்கி வரைந்தார், எஸ்டிமேட் எகிறியது, கடைசியில் மறுபடி போர்ஹோல். அதற்கு யார் காசு தருவது என்று நடந்த கடிதச் சண்டையை நினைத்தால் இன்னும் எரிகிறது.

"வலிமை குறைவாக வந்தால் பாதுகாப்புதானே?" என்பார்கள். இல்லை. குலைந்த களியில் கன்சாலிடேஷன் சோதனை (சுமை ஏற்றி மண் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பது) தரும் வளைவின் முழங்கை மழுங்கிவிடும், அதற்குப் பிறகான சரிவும் குறையும். அடித்தளம் எவ்வளவு இறங்கும் என்ற கணக்கு நிஜத்தைவிடக் குறைவாக வந்து நிற்கும். இதில் என்ன பாதுகாப்பு?

அழுத்தி இறக்கியதும் பத்து நிமிடம் விடுங்கள், களி சுவரைப் பிடிக்கட்டும். பிறகு திருகி அறுத்துத் தூக்குங்கள். அதுவரை குழியில் தண்ணீர் மட்டம் இறங்கக் கூடாது. இறங்கினால் அடிமண் பொங்கும். டியூபின் ஏரியா ரேஷியோ (சுவரின் பரப்பை உள்துளையின் பரப்பால் வகுத்தது; கூடினால் மண் அதிகம் குலையும்) 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். வெளிவிட்டம் 75, உள்விட்டம் 72 மி.மீ. என்றால் 8.5 வரும்.

மாதிரி தேறுமா என்று பார்க்க ஒரு வழி: கன்சாலிடேஷனில் பூமிக்கடியில் இருந்த அதே அழுத்தத்தை ஏற்றுங்கள். வாய்ட் ரேஷியோ (மண் துகள்களின் கன அளவுக்கு இடைவெளியின் விகிதம்) குறைந்த அளவை ஆரம்ப அளவால் வகுத்தால் 0.07-ஐத் தாண்டுகிறதா? தாண்டினால் மாதிரி குலைந்தது, ரிப்போர்ட்டில் அதை ஒளிக்காதீர்கள்.

எஸ்பிடி ஸ்பூன் மண்ணில் வலிமை பார்ப்பது

ஸ்பூனின் ஏரியா ரேஷியோ 110 சதவீதம். வேறென்ன சொல்ல?

வேனை வேகமாகச் சுற்றுவது

நிமிடத்துக்கு 6 டிகிரி. கடிகாரம் பாருங்கள்.

ஓவனில் காயவைத்து லிக்விட் லிமிட் (களி குழம்பாக ஓடத் தொடங்கும் ஈர அளவு) பார்ப்பது

கடல் களியை 105 டிகிரியில் வாட்டினால் லிமிட் சரியும், பிறகு தண்ணீர் ஊற்றினாலும் பழையபடி வராது. ஈரத்தோடு செய்யுங்கள். ஓவன் எண்ணும் வேண்டுமென்றால் தனியாக எடுங்கள். அது ஈர எண்ணில் 0.75 பங்குக்கும் கீழே போனால் மண்ணில் மக்கிய பொருள் இருக்கிறது என்று அர்த்தம்.

பையன் டீ முடித்து வந்தான். டியூபின் ஒரு வாயில் மெழுகு இளகி, கசிந்த நீர் மணலில் கோடு போட்டிருந்தது. போர் லாகில் (துளையின் பதிவுத்தாள்) 'குலைந்த மாதிரி' என்று எழுதச் சொன்னேன். பேனாவைத் திறந்தவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.