பிள்ளைகளை உலகத்தின் தீமையிலிருந்து காக்க: விசுவாசப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சபையில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ‘உலகம்’ என்ற சொல் தப்பாமல் வந்துவிடும். தேவனை விட்டு விலக்கும் என்று கருதும் எல்லாவற்றுக்கும் எங்களிடம் அதுதான் பெயர். சினிமாவும் ‘உலகம்’, நகப்பூச்சும் ‘உலகம்’, சில வீடுகளில் கிரிக்கெட்டும் ‘உலகம்’. இரண்டு பிள்ளைகளின் தாயாகவும் ஞாயிறு பள்ளி ஆசிரியையாகவும் நான் அடிக்கடி காணும் தவறு இதுதான். நகப்பூச்சுக்கும் ஆபாசப் படத்துக்கும் ஒரே அளவு கோபம் காட்டினால், எது தன்னை உண்மையில் கெடுக்கும் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வேதத்தில், பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட தானியேல், அந்நாட்டவரான கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் கற்றார். பெல்தெஷாத்சார் என்று தனக்கு வேறு பெயர் இடப்பட்டபோதும் அதற்காக அவர் போராடியதாக வேதத்தில் இல்லை. ராஜாவின் போஜனத்தாலும் திராட்சரசத்தாலும் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்பதில்தான் உறுதியாக நின்றார். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைக் காரணத்தோடு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அடுத்த தவறு நானே செய்தது. என் மகன் எட்டாம் வகுப்பில் படித்தபோது, நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த அசிங்கமான வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, பயந்துபோய் அவனாகவே என்னிடம் சொன்னான். நான் போனைப் பிடுங்கினேன். அன்று இரவு குடும்ப ஜெபத்தில், தாத்தா பாட்டி முன்னிலையில், அவன் பெயரைச் சொல்லி அழுது ஜெபித்தேன். அதன்பின் ஏறக்குறைய ஓராண்டு அவன் என்னிடம் எதையும் சொல்லவில்லை. ஜெபத்தையே அவனுக்குத் தண்டனையாக்கியிருந்தேன். பிள்ளைகள் மனம் சோர்ந்துபோகும்படி அவர்களைக் கோபப்படுத்தாதீர்கள் என்று கொலோசெயர் நிருபத்தில் பவுல் எழுதியதை எத்தனை முறை வாசித்திருப்பேன்! பிறகு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்படி ஒரு பிள்ளை வந்து நின்றால், “என்னிடம் சொன்னாயே, நல்லது” என்பதே நம் முதல் வார்த்தையாக இருக்கட்டும். குழுவிலிருந்து விலகுவது, அந்த எண்ணைத் தடை செய்வது எல்லாம் அதற்கு அடுத்த வேலை.

இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயதாக வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்கித் தரும் விசுவாசக் குடும்பங்கள் உண்டு. பொய் சொல்லலாகாது என்ற கட்டளை அந்த நிமிடத்தில் என்ன ஆகிறது? இரவில் பிள்ளையின் போனைக் கூடத்தில் சார்ஜ் போடச் சொல்கிறவர்கள் தங்கள் போனையும் அங்கேயே வைக்க வேண்டும்.

பிற மதத்து வீட்டுப் பிள்ளைகளோடு பழகவிடாமல் தடுப்பதும் தவறே. அது பயத்தையும் பெருமையையும் மட்டுமே வளர்க்கும்.

ஆனால் என்னை உறங்கவிடாத தவறு வேறொன்று. ஆபத்து வெளியிலிருந்துதான் வரும் என்று நம்பி, சபைக்குள் யாரோடும் பிள்ளையைத் தனியே விட்டுவிடுகிறோம். வேதத்தில், ஆசாரியனான ஏலியின் குமாரர் அக்கிரமம் செய்த இடம், சீலோவில் தேவனை ஆராதிக்க இருந்த ஆசரிப்புக் கூடாரம். தகப்பன் கேள்விப்பட்டார், வாயால் கண்டித்தார், அடக்கவில்லை. இன்றும் ஒரு பிள்ளை, “அந்த மாமா என்னைத் தொட்டார்” என்று சொன்னால், ‘சபையின் பெயர் கெட்டுவிடும்’ என்று அதன் வாயை அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நேர்ந்த பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். 1098 என்ற சிறார் உதவி எண்ணிலும் உதவி கேட்கலாம். சபையை நடத்தும் மூப்பர்கள் கூடி சமாதானம் பேசி முடிக்கிற காரியம் அன்று இது.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அனுப்புமுன் பொறுப்பாளரிடம் கேளுங்கள்: ஒவ்வொரு வகுப்பிலும் பெரியவர்கள் இருவர் இருப்பார்களா? சிறு பிள்ளைகளைக் கழிப்பறைக்கு யார் அழைத்துப் போவார்கள்? வேன் திரும்பும்போது கடைசியாக இறங்கும் பிள்ளையோடு யார் இருப்பார்கள்? முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.