16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றி 32 மாட்டும் முன்

எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாகவே அணைந்துவிடும் சுவிட்ச், அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்றால் பலரும் உடனே செய்வது, 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் மாட்டுவது. ட்ரிப் ஆவது நின்றுவிடும், சரி, ஆனால் சுவருக்குள் ஓடுவது அதே பழைய வயர்தானே? எம்சிபி அங்கே இருப்பதே அந்த வயரைக் காக்கத்தான்.

எங்கள் வீட்டில் கெய்சர் பாயிண்டை ஒருநாள் திறந்து பார்த்தேன். நியூட்ரல் வயரின் மேலுறை இரண்டு விரல் நீளத்துக்குப் பழுப்பேறி, வளைத்ததும் காய்ந்த சருகு மாதிரி நொறுங்கியது. போட்டிருந்தது ஒன்றரை எம்எம் வயர் (எம்எம் என்று சொல்வது செம்பின் குறுக்குப் பரப்பை, சதுர மில்லிமீட்டரில்), எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸில் 32 ஆம்பியர் எம்சிபி. 3000 வாட்ஸ் கெய்சரும் அதே லைனில் அயர்ன் பாக்ஸும் சேர்ந்து ஓடினால் 17 ஆம்பியருக்கு மேல் போகும், வயர் வெந்துகொண்டே இருக்கும், எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 32 ஆம்பியர் எம்சிபி ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ, அதாவது ட்ரிப் ஆக, வேண்டுமென்றால் சுமார் 46 ஆம்பியர் ஓட வேண்டும். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்கு என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அதனால் கணக்கைச் சாதனத்திலிருந்து தொடங்குங்கள். வாட்ஸை வீட்டு சப்ளை வோல்ட்டான 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட்ஸ் என்றால் 8.7, 3000 என்றால் 13. ஏசிக்கு மட்டும் டன்னை வைத்துக் கணக்குப் போட வேண்டாம், பெயர்ப்பலகையில் அதிகபட்ச கரண்ட் போட்டிருக்கும், அதையே எடுங்கள். மணிக்கணக்கில் ஓடுகிற சாதனமாக இருந்தால் அதன் கரண்ட் எம்சிபி அளவில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 13 ஆம்பியருக்கு 16 இழுபறிதான், 20 போடுங்கள்.

அடுத்து வயர். அது எம்சிபியைவிட அதிகம் தாங்க வேண்டும். சுவருக்குள் குழாயில் போகும் செம்பு வயருக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: லைட், ஃபேனுக்கு ஒன்றரை எம்எம், 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபி. பவர் பிளக்குக்கு இரண்டரை எம்எம், 16 ஆம்பியர். 20 ஆம்பியருக்கு 4 எம்எம். 32-க்கு 6 எம்எம். ஒரே குழாயில் நிறைய வயர்களைத் திணித்திருந்தாலும், வெயில் காயும் கூரையை ஒட்டிப் போனாலும் வயரால் இவ்வளவு தாங்க முடியாது, ஒரு அளவு கூட்டிவிடுங்கள். தூரமும் பார்க்க வேண்டும். இரண்டரை எம்எம் வயரில் 30 மீட்டர் தள்ளி 16 ஆம்பியர் இழுத்தால், போக வர 60 மீட்டர், வழியிலேயே 7 வோல்ட் போய்விடும்.

எம்சிபியில் பி, சி என்று எழுத்து இருக்கும். பி வகை தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கு கரண்டில் சட்டென்று விழும், சி வகை 5 முதல் 10 மடங்கில். மோட்டாரும் கம்ப்ரசரும் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு நொடி பெரிதாக இழுக்கும் என்பதால் அவற்றுக்கு சி, ஹீட்டருக்கு பி போதும்.

ஷாக்கிலிருந்து எம்சிபி காப்பாற்றாது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) தனியாக வேண்டும், எர்த் வயரும் ஒழுங்காக வர வேண்டும். இதில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள்.

அப்புறம் ஸ்க்ரூ. எல்லா அளவும் சரியாக இருந்தும் ஒரு முனை தளர்ந்திருந்தால் அந்த இடம் மட்டும் கொதிக்கும், கரண்ட் கூடாததால் எம்சிபிக்குத் தெரியவே தெரியாது. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து சப்ளை இல்லையென்று உறுதி செய்த பிறகு, ஒவ்வொரு வயரையும் ஸ்க்ரூவில் இறுக்கிவிட்டு ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.